ஹீட்டருக்கு பி போதுமா, பிஐ வேண்டுமா?
(இரண்டும் வெப்பத்தை இலக்கில் நிறுத்தும் கன்ட்ரோலர் வகைகள். பி, இப்போதைய பிழைக்கு, அதாவது இலக்குக்கும் வெப்பத்துக்கும் உள்ள வித்தியாசத்துக்கு, ஏற்ற அளவு கரண்ட் தரும்; பிஐ அதோடு பிழையை நேரப்போக்கில் கூட்டியும் சேர்த்துக்கொள்ளும்.)

நிலைப்பிழை
பி: பிழை இருந்தால்தான் ஹீட்டருக்குக் கரண்ட் போகும்; அதனால் பிழை முழுதாகப் போகவே போகாது. மொத்த கெயின் (ஒரு டிகிரி பிழைக்கு வெப்பம் எத்தனை டிகிரி ஏறும் என்ற எண்) 4 என்றால், 100 டிகிரி ஏறச் சொன்னால் 80-இலேயே நின்றுவிடும்.
பிஐ: மிச்சப் பிழையைக் கூட்டிக்கொண்டே போய் 100-க்குக் கொண்டுவந்துவிடும்.

நிலைத்தன்மை
பி: கெயினை ஏற்றினால் பிழை குறையும், சரி. ஆனால் சமமான மூன்று முதல்படித் தாமதங்கள் (ஒவ்வொன்றும் மெல்ல மெல்லச் சூடேறும் கட்டங்கள்) தொடராக இருந்தால், கெயின் 8-ஐத் தொட்டதும் வெப்பம் ஓயாமல் ஊசலாடும். அதாவது பிழையை 11 சதவீதத்துக்குக் கீழே இறக்கவே முடியாது!
பிஐ: ஃபேஸ் (ஊசலாட்டத்தில் எதிர்வினை எவ்வளவு தாமதமாக வருகிறது என்பது) இன்னும் பின்தங்கும், அதனால் கெயினை அடக்கியே வைக்க வேண்டும். ஹீட்டர் முழுத் திறனில் முட்டி நிற்கும்போது கூட்டலை நிறுத்தாவிட்டால் வெப்பம் இலக்கைத் தாண்டி ஓடும்.

ட்யூனிங்
பி-க்குச் சரிப்படுத்த ஒரு எண், பிஐ-க்கு இரண்டு.

தொட்டி மட்டம் கொஞ்சம் முன்பின் இருந்தால் பரவாயில்லை, அதற்கு பி போதும். அடுப்புக்கு நான் பிஐ-தான் போடுவேன்.