இரட்டை நகர உறவு: மான்செஸ்டர்–ஊகானா, லிவர்பூல்–ஷாங்காயா?

இங்கிலாந்தின் மான்செஸ்டர் 1986இலேயே சீனாவின் ஊகானுடன் இரட்டை நகர உறவு, அதாவது இரு நாட்டு நகரங்கள் செய்துகொள்ளும் நட்பு ஒப்பந்தம், பூண்டது. லிவர்பூல் ஷாங்காயோடு கைகோத்தது 1999இல்தான். ஆயினும், இரண்டு துறைமுகங்களுக்கிடையிலான இந்த இளைய உறவே எனக்கு ஆழமானதாகப் படுகிறது. லிவர்பூல் கப்பல் அதிபர் ஆல்ஃபிரட் ஹோல்ட்டின் நீராவிக் கப்பல்கள் 1866 முதல் சீனத்துக்கு ஓடத் தொடங்கியபின், அவற்றில் வேலை செய்த சீன மாலுமிகள் லிவர்பூல் துறைமுகத்தருகே குடியேறி, ஒப்பந்தத்துக்கு வெகுமுன்பே அதற்கு அடித்தளமிட்டுவிட்டார்கள். லிவர்பூலின் சீனர் பகுதியிலுள்ள நெல்சன் தெருவில் 2000ஆம் ஆண்டு எழுந்த அலங்கார வளைவு ஷாங்காய்க் கைவினைஞர்களின் வேலைப்பாடு. அதிலுள்ள 200 டிராகன்களில் 12 கருவுற்றவை என்பார்கள். மான்செஸ்டரின் 1987ஆம் ஆண்டு வளைவோ, வேடிக்கையாக, ஊகானிலிருந்து அல்லாமல் பெய்ஜிங்கிலிருந்து வந்தது. வணிகத்திலும், 2010 ஷாங்காய் உலகக் கண்காட்சியில் லிவர்பூல் தனி அரங்கே அமைத்தது. மான்செஸ்டரின் பலம், 2016இல் தொடங்கிய பெய்ஜிங் நேரடி விமானம்.