குப்பைமேட்டில் எவ்வளவு எரிவாயு? சூத்திரங்களும் துளைக்குழாயும்

சென்னை கொடுங்கையூரைப் போன்ற ஆழமான குப்பைமேட்டில் ஒரு டன் காய்கறிக் கழிவைக் கொட்டினால் எவ்வளவு மீத்தேன் கிடைக்கும் என்ற கேள்விக்கு, எடுத்துக்கொள்ளும் கணக்கீட்டு முறையைப் பொறுத்து விடை மும்மடங்கு வரை மாறும். எத்தனை ஆண்டுகளில் கிடைக்கும் என்பதில் வேறுபாடு இன்னும் அதிகம். எரிவாயு இயந்திரத்தில் முதல் போடுபவருக்கு இந்த இரண்டாவது கேள்விதான் முக்கியம்.

ஐ.நா.வின் காலநிலை மாற்ற அறிவியல் குழுவான ஐ.பி.சி.சி.யின் 1996ஆம் ஆண்டு எளிய முறையைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. இந்த ஆண்டு கொட்டிய குப்பையின் மீத்தேன் முழுவதும் இந்த ஆண்டே வெளிவந்துவிடுவதாக அது கொள்கிறது. நாட்டளவிலான தோராயக் கணக்குக்கு உதவலாம், ஒரு குறிப்பிட்ட மேட்டுக்கு உதவாது.

அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமையின் லேண்ட்ஜெம், எக்செல்லில் ஓடுவதாலும் குப்பையின் அளவை ஆண்டுவாரியாக இட்டால் உடனே வரைபடம் தந்துவிடுவதாலும், பலரும் முதலில் நாடும் கருவி. அதில் முன்கூட்டியே நிரப்பப்பட்ட எண்கள் இரண்டு: டன்னுக்கு 170 கன மீட்டர் மீத்தேன், ஆண்டுக்கு 0.05 என்ற சிதைவு மாறிலி (குப்பை எவ்வளவு வேகமாகச் சிதைகிறது என்பதைக் காட்டும் எண்). ஒரு கிடங்கு அமெரிக்கச் சட்டத்தின் கட்டுப்பாட்டுக்குள் வருமா என்று பார்ப்பதற்காக, வேண்டுமென்றே உயர்த்தி வைக்கப்பட்ட மதிப்புகள் இவை. வருமானக் கணக்குக்கு இவற்றையே எடுத்துக்கொள்வது தவறு. ஆனாலும் திட்ட அறிக்கைகளில் அது நடக்கத்தான் செய்கிறது.

ஐ.பி.சி.சி.யின் 2006ஆம் ஆண்டு முறை குப்பையை உணவு, காகிதம், மரம், துணி என வகை பிரித்து, ஒவ்வொன்றுக்கும் தனி மாறிலி தருகிறது. உணவுக் கழிவின் ஈர எடையில் 15 விழுக்காடு சிதையக்கூடிய கரிமம். அதில் பாதி உண்மையில் சிதையும். வரும் வாயுவில் பாதி மீத்தேன். 5 மீட்டருக்கு மேல் ஆழமுள்ள, முறையாகப் பராமரிக்கப்படாத மேடு என்றால், காற்று புகுவதால் மீத்தேன் குறைவதற்கான திருத்தக் காரணி 0.8. இவற்றைப் பெருக்கி, கரிமத்தின் எடையை மீத்தேன் எடையாக்க 16/12ஆலும் பெருக்கினால் டன்னுக்கு 40 கிலோ, அதாவது சுமார் 56 கன மீட்டர். லேண்ட்ஜெம்மின் எண்ணில் மூன்றில் ஒரு பங்குதான். வெப்பமும் மழையும் மிகுந்த பகுதிகளில் உணவுக் கழிவுக்கான மாறிலி 0.4, ஐந்தே ஆண்டுகளில் அதில் 86 விழுக்காடு சிதைந்துவிடும். 0.05 என்று கொண்டாலோ அதே காலத்தில் 22 விழுக்காடுதான் சிதையும். பத்தாண்டுக்கு ஓடும் என்று நம்பி வாங்கிய இயந்திரம் பாதியிலேயே வாயுவுக்கு ஏங்கி நிற்பது இதனால்தான்.

நேரில் அளந்துவிட்டால் என்ன என்று தோன்றலாம். கொடுங்கையூர், பெருங்குடி மேடுகளின் மேற்பரப்பில் பெட்டிகளைக் கவிழ்த்து அளந்து 2008இல் வெளியான ஆய்வில், பெருங்குடியில் மட்டும் மணிக்குச் சதுர மீட்டருக்கு 0.9 முதல் 433 மில்லிகிராம் வரை மீத்தேன் பதிவானது. நகரம் முழுமைக்குமான மதிப்பீடோ 1996 முறை தந்ததைவிடக் குறைவு. ஆனால் மேற்பரப்பில் தப்பி வருவது வேறு, உள்ளே உருவாவது வேறு. வழியில் மண்ணின் நுண்ணுயிர்கள் ஒரு பகுதியைத் தின்றுவிடுகின்றன, மேட்டில் பற்றும் தீயும் தன் பங்கை எடுத்துக்கொள்கிறது. துளையிட்டுக் குழாய் இறக்கி வாரக்கணக்கில் உறிஞ்சிப் பார்க்கும் சோதனை இதைவிட நம்பகமானது. செலவு அதிகம், மூடாக்கு இல்லாத மேட்டில் அளவு மீறி உறிஞ்சினால் காற்றும் உள்ளே புகுந்து உள்தீயை மூட்டிவிடும்.

என் தேர்வு 2006 முறைதான், ஆனால் அந்த ஊர்க் குப்பையையே வகை பிரித்து எடைபோட்ட எண்களோடு. லேண்ட்ஜெம்மைத்தான் பயன்படுத்த வேண்டுமென்றால் அதன் இரண்டு எண்களையும் மாற்றிக்கொள்ள அதிலேயே இடமுண்டு. இயந்திரத்துக்கு முன்பணம் கட்டுவதற்கு முன்பு, குறைந்தது இரண்டு துளைகளிலாவது குழாய் இறக்கிப் பார்த்துவிட வேண்டும்; ஒன்று பழைய குப்பையில், மற்றொன்று புதியதில்.