புத்தகம் போட்டுத் தருகிறோம் என்பவர்களிடம் முற்பணம் கட்டுமுன்

‘எல்லாம் ஒரே பக்கேஜ்’ என்று முகநூலில் விளம்பரம் செய்து புத்தகம் அச்சிட்டுத் தருகிறவர்கள் யாழ்ப்பாணத்தில் இப்போது கூடிவிட்டார்கள். அப்படியான ஒரு சேவையிடம் என் சித்தப்பா தன் நாவலைக் கொடுத்தார். அச்சாகி வந்தது அவர் எழுதிய நாவல் இல்லை. பெயர் போட்டால் வழக்கு, வக்கீல் என்று அலைய வேண்டிவரும், அதனால் போடவில்லை. நடந்ததை மட்டும் சொல்கிறேன்.

சித்தப்பா ஓய்வுபெற்ற தபாலதிபர். போரால் யாழ்ப்பாணத்து மக்கள் ஊரைவிட்டு வெளியேறிய 1995 ஒக்ரோபர் 30 இடப்பெயர்வைப் பற்றி சி.ஆர். கொப்பிகளில் பல வருடமாக எழுதிச் சேர்த்தவர். தட்டச்சு, செம்மையாக்கம், அட்டை, ஐ.எஸ்.பி.என். என்ற நூல் அடையாள எண், 300 பிரதி, அமேசானின் கிண்டில் மின்னூல் எல்லாம் அடங்கலாக 240,000 ரூபா கேட்டார்கள். அதில் செம்மையாக்கத்துக்கென்று தனியாக 45,000 சிட்டையில் இருந்தது. ‘எங்களிட்ட அனுபவமான ஆசிரியர் குழு இருக்கு ஐயா, நீங்கள் யோசிக்க வேண்டாம்’ என்றார்கள். அச்சுக்கு முன் சரிபார்க்கிற மெய்ப்பைத் தாளில் தரச் சொல்லிக் கேட்டோம். வெளியீட்டு விழாத் திகதி கிட்டுது, பிடிஎப் வாட்ஸ்அப்பில் வரும் என்றார்கள். அது வந்தபோது புத்தகம் அச்சுக்குப் போய்விட்டது.

ஏழாம் அத்தியாயத்தைச் சொன்னால் போதும். கொப்பியில் அந்தக் குடும்பம் மழையில் நனைந்தபடி, சைக்கிளில் மூட்டையும் மூட்டைக்கு மேலே பாட்டியின் பித்தளைச் செம்புமாக, நாவற்குழிப் பாலத்தை நோக்கி அடி அடியாக நகர்கிறது. ஆள் நெரிசலில் காலை எடுத்து வைக்க இடமில்லை. அச்சான புத்தகத்தில் அதே குடும்பம் யாழ்ப்பாணம் புகையிரத நிலையத்துக்குப் போய், யன்னலோரம் இடம்பிடித்து, ஊருக்குக் கைகாட்டிவிட்டுப் போகிறது! 1990இல் நின்றுபோன யாழ்தேவி புகையிரதம் 2014 ஒக்ரோபரில்தான் திரும்ப யாழ்ப்பாணம் வந்தது. 1995இல் தண்டவாளத்தையும் சிலிப்பர் கட்டையையும் பங்கருக்குக் கழற்றிக்கொண்டு போய் முடிந்திருந்தது. இந்த ஊரில் இருக்கிற யாராவது ஒருவர் அந்தப் பக்கத்தை வாசித்திருந்தால் பேனையை வைத்துவிட்டுச் சிரித்திருப்பார். ஒருவரும் வாசிக்கவில்லை.

மற்ற அத்தியாயங்களும் இப்படித்தான். பாட்டிக்கும் மருமகளுக்கும் நடக்கிற நீண்ட சண்டை, நாவலிலேயே எனக்கு ஆகப் பிடித்த இடம், ‘இருவருக்குமிடையே வாக்குவாதம் ஏற்பட்டது’ என்று ஒரு வரியாகச் சுருங்கிவிட்டது. யாழ்ப்பாணத்துக் கொக்குவில்காரர்கள் சென்னை தொலைக்காட்சித் தொடர் மாதிரிக் கதைக்கிறார்கள். ஒவ்வொரு அத்தியாயத்தின் கடைசியிலும் நம்பிக்கை, விடியல் என்று ஏதோ ஒன்று ஒட்டியிருக்கிறது. அட்டைப்படத்தில் பனைமரத்தில் தேங்காய்க் குலை. பன்னிரண்டாம் அத்தியாயம் முடிகிற இடத்தில் இப்படி அச்சாகியிருக்கிறது: ‘இந்தப் பகுதியை இன்னும் உணர்ச்சிகரமாக மாற்றித் தரவா?’ சித்தப்பா அதைத் தன் பாத்திரம் யாரோ கேட்கிறார்கள் என்று நினைத்து இரண்டு தரம் வாசித்திருக்கிறார். கேட்டது ஏஐ, அதாவது செயற்கை நுண்ணறிவுச் செயலி. ஆங்கிலத்திலும் 2025இல் சில காதல் நாவல்களில் ஏஐயோடு கதைத்த வரிகள் அப்படியே அச்சாகி வாசகர்களிடம் அகப்பட்டன.

போய்க் கேட்டபோது, ‘இப்ப எல்லாரும் ஏஐ பாவிக்கினம் அண்ணை, வசனம் வடிவாத்தானே வந்திருக்கு’ என்று பதில். நான் ஏஐக்கு எதிரி இல்லை. எழுத்துப்பிழை பார்க்க நானே பாவிக்கிறேன். ஆனால் ஒரு முழு அத்தியாயத்தைக் கொடுத்து ‘செம்மைப்படுத்து’ என்று மட்டும் சொன்னால் அது பிழை திருத்துவதோடு நிற்பதில்லை. சுருக்கும், மாற்றி எழுதும், தெரியாத இடத்தைத் தெரிந்த மாதிரி நிரப்பும். அது செய்ததை ஒருவர் மூலத்தோடு வரிவரியாக ஒப்பிட வேண்டும். அந்த வேலைக்குத்தான் 45,000 வாங்கினார்கள்.

மின்னூல் விஷயம் இன்னும் மோசம். கிண்டிலில் ஏற்றியது அவர்களுடைய கணக்கில். கணக்கு யாருடையதோ உரிமைத்தொகையும் அவருக்குத்தான் போகும். நூலில் ஏஐ உருவாக்கிய எழுத்தோ படமோ இருந்தால் தன்னிடம் அறிவிக்க வேண்டும் என்று அமேசான் 2023 செப்ரெம்பரில் விதி கொண்டுவந்தது. அதே மாதத்தில், ஒருவர் ஒரு நாளில் மூன்று புதிய நூல்களுக்கு மேல் ஏற்ற முடியாது என்றும் கட்டுப்படுத்தியது. ஒரு நாளைக்கு மூன்று! அறிவிப்பு அமேசானுக்குப் போகிறதே தவிர, வாங்குகிறவருக்குத் தெரியாது.

சரி, சட்டம்? 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தில், தன் படைப்பைச் சிதைப்பதை எதிர்க்க எழுத்தாளருக்கு உரிமை இருக்கிறது. தானே காசு கொடுத்துத் தன் நூலை அச்சடிப்பித்த எழுத்தாளரும் இதைக் கேட்கலாம். நீதிமன்றம் போகும் தெம்பு எழுபது கடந்த ஒருவருக்கு இருக்குமா என்பது வேறு கதை. அவர் விழாவை நிறுத்திவிட்டார். பாதிக் காசுக்கு மறுபடி அச்சிட்டுத் தருகிறோம் என்று அவர்கள் சொன்னதற்கு, வாழ்நாளில் முதல் தடவையாக அவர் தொலைபேசியில் கெட்ட வார்த்தை பேசினார்.

உங்கள் வீட்டிலும் இப்படி எழுதி வைத்திருப்பவர் இருந்தால், செம்மை பார்க்கிறவரின் பெயரைக் கேளுங்கள், முடிந்தால் நேரில் கதையுங்கள். வேர்ட் கோப்பில் செய்த மாற்றம் ஒவ்வொன்றும் நிறத்தில் தெரியும்படி தரச் சொல்லுங்கள். அதற்கு மழுப்பினால் அங்கேயே எழும்பி வாருங்கள். கடைசி மெய்ப்பு தாளில் வந்து, எழுதியவர் ஒவ்வொரு பக்கத்திலும் கையெழுத்து வைத்த பிறகுதான் மீதிக் காசு. ஏஐ எங்கே, எந்த அளவுக்குப் பாவிப்பார்கள் என்பதை ஒப்பந்தத்தில் எழுதிக் கேளுங்கள். கிண்டில் கணக்கை உங்கள் பெயரிலேயே திறவுங்கள். மூலக் கொப்பியை ஒருபோதும் கொடுக்க வேண்டாம், போட்டோப் பிரதி போதும்.

பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைக்கு எழுத்தில் முறைப்பாடு கொடுத்திருக்கிறோம். வங்கிச் சிட்டையும் வாட்ஸ்அப் உரையாடலும் அழியாமல் இருந்தபடியால்தான் அதை எழுத முடிந்தது. இதே மாதிரி ஏமாந்தவர்கள் உங்களிடம் இருக்கிறதையும் அழித்துவிடாதீர்கள்.