பத்து மடங்கு லென்ஸா, செல்போன் கேமராவா? வாசலோர உயிர்களைப் பார்க்க எது முதலில்

படிக்கட்டு விரிசல், தொட்டி மண், சுவரின் ஈரப்பக்கம். இங்கே வாழும் செடிகளையும் காளான்களையும் பூச்சிகளையும் கவனிக்கத் தொடங்குகிறவர்கள் என்னிடம் கேட்கும் முதல் கேள்வி, "செல்போன்தான் இருக்கிறதே, லென்ஸ் எதற்கு?" என்பதுதான். பல வருடங்களாக இரண்டும் என் சட்டைப் பையில் இருக்கின்றன. ஒன்றுதான் வைத்துக்கொள்ளலாம் என்றால் லென்ஸை வைத்துக்கொள்வேன். செல்போன் மிஞ்சிவிடும் இடங்களும் உண்டு. அவற்றையும் சொல்கிறேன்.

நான் சொல்வது பத்து மடங்கு பெரிதாக்கிக் காட்டும், உறைக்குள் மடங்கிக்கொள்ளும் சின்ன லென்ஸ். மூன்று கண்ணாடிகளை ஒட்டிச் செய்ததாகக் கிடைத்தால் இன்னும் நல்லது; விளிம்பில் வானவில் நிறம் தெரியாது. பலர் இதை நாளிதழ்மேல் பூதக்கண்ணாடி பிடிப்பதுபோலத் தள்ளிப் பிடித்துவிட்டு, "ஒன்றும் தெரியவில்லை" என்பார்கள். லென்ஸ் கண்ணோடு ஒட்டியிருக்க வேண்டும். பிறகு இலையைத்தான் மெல்ல அதனருகே கொண்டுவர வேண்டும். சுமார் இரண்டரை சென்டிமீட்டரில் எல்லாம் சட்டென்று தெளியும். இருபது மடங்கு லென்ஸ் வேண்டாம். அதில் இந்தத் தூரம் பாதியாகிவிடும், நம் தலையின் நிழலே வெளிச்சத்தை மறைத்துவிடும். எந்த லென்ஸிலும் சூரியனைப் பார்க்கக் கூடாது.

வெட்டுக்காயப் பூண்டின் பூவை எடுத்துக்கொள்வோம். வெறுங்கண்ணுக்கு ஐந்தாறு வெளிர் இதழ்களும் நடுவில் மஞ்சள் பொட்டும் கொண்ட ஒரு பூ. லென்ஸில் பார்த்தால் அந்த ஒவ்வொரு 'இதழும்' நுனியில் பல் வெட்டிய தனிப் பூ. மஞ்சள் பொட்டுக்குள் ஐந்து மடல்களோடு குட்டிக் குட்டிப் பூக்கள் நெருங்கி நிற்கும். ஒரு காம்பில் ஒரு கூட்டமே! சூரியகாந்திக் குடும்பம் முழுவதற்கும் இதுதான் அமைப்பு என்று படிப்பது வேறு, கண்ணால் பார்ப்பது வேறு.

பாசி இன்னும் அழகு. சுவர்ப்பாசியிலிருந்து நூல்போல நீளும் காம்பின் நுனியில் ஒரு சின்னக் குடுவை இருக்கும். முதிர்ந்து மூடி கழன்ற குடுவையாகப் பார்த்துப் பிடியுங்கள். பல வகைகளில் வாயைச் சுற்றிப் பற்கள் வரிசையாக இருக்கும். எண்ணினால் பெரும்பாலும் 16. அதன்மேல் வாயால் மெல்ல ஊதுங்கள். மூச்சின் ஈரம் பட்டதும் பற்கள் அசையும். ஈரத்துக்கும் வறட்சிக்கும் ஏற்ப வளைந்து நிமிர்ந்துதான் அவை வித்துகளைக் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே விடுகின்றன. செல்போனில் இதைப் பிடிக்கப் பலமுறை முயன்றேன். ஒரு பல் தெளிந்தால் மற்றவை மங்கிவிடும். கண்ணோ முன்னும் பின்னும் நகர்ந்து முழு உருவத்தையும் மனதில் சேர்த்துக்கொள்கிறது.

அசையாத உயிர்களுக்கு லென்ஸ் என்றால், அசைபவற்றுக்குச் செல்போன்தான். கண்ணருகே எறும்பைக் கொண்டுவந்தால் அது நிற்குமா? எறும்பின் நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவே உள்ள இடுப்பில் ஒரு கணுவா, இரண்டு கணுவா என்பது அதன் குடும்பக் கிளையை அறிய முக்கியமான அடையாளம். பக்கவாட்டில் பத்துப் படம் எடுத்தால் ஒன்றிலாவது அது தெரிந்துவிடும். தாவும் சிலந்தியும் அப்படித்தான். திரும்பி நம்மைப் பார்க்கும் அந்த இரண்டு பெரிய கண்களும் படத்தில்தான் அகப்படும். நெருக்கப் படத்துக்கான வசதி உள்ள போன்கள் இரண்டு சென்டிமீட்டர் வரைகூட நெருங்க விடும். ஆனால் அவ்வளவு நெருங்கினால் போனின் நிழலே பூச்சியை விரட்டிவிடும். சற்றுத் தள்ளி எடுத்து, பிறகு வெட்டிப் பெரிதாக்குவதே என் வழக்கம்.

காளானில் இரண்டும் திணறும். மேலிருந்து ஒரே ஒரு படம் எடுத்துப் பெயர் கேட்பதுதான் எல்லாரும் செய்யும் தவறு. குடையின் அடிப்பக்கச் செவுள்கள், தண்டின் வளையம், மண்ணுக்குள் இருக்கும் அடிப்பாகம், அது முளைத்திருப்பது மரத்திலா சாணத்திலா மண்ணிலா எல்லாம் வேண்டும். குடையை வெட்டி, செவுள் கீழே இருக்கும்படி காகிதத்தில் வைத்து, கிண்ணத்தால் மூடி ஓர் இரவு விடுங்கள். காலையில் படிந்திருக்கும் வித்துத்தூளின் நிறம், எந்தக் கேமராவும் சொல்லாத தகவல். தின்னலாமா என்பதை மட்டும் எந்தச் செயலியிடமும் கேட்காதீர்கள். உயிரைக் கொல்லும் சில அமானிட்டா காளான்களின் நஞ்சு சமைத்தாலும் அழியாது. உடம்பில் தெரியவரவே பல மணி நேரமாகும். அதற்குள் கல்லீரல் பாதிக்கப்படத் தொடங்கியிருக்கும்.

படத்தைப் பார்த்து உயிர்களின் பெயர் சொல்லும் செயலிகளில் சீக், ஐநேச்சுரலிஸ்ட் இரண்டும் ஒரே வீட்டுப் பிள்ளைகள். சீக்கில் கணக்குத் தொடங்க வேண்டாம். கேமராவை நீட்டினாலே பெயர் சொல்லும், உறுதியில்லாவிட்டால் குடும்பப் பெயரோடு நின்றுவிடும். குழந்தைகளுக்கு அதுவே போதும். 2008இல் மாணவர்களின் பட்டப்படிப்புத் திட்டமாகத் தொடங்கிய ஐநேச்சுரலிஸ்டில் நாம் பதியும் படத்துக்கு மனிதர்கள் வந்து பெயரைச் சரிபார்க்கிறார்கள். கருத்துச் சொன்னவர்களில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் ஒரே இனத்தை ஒத்துக்கொண்டால்தான் பதிவு 'ஆய்வுத் தரம்' பெறும். தொட்டியில் நட்டு வளர்த்த செடிக்கு அது கிடைக்காது; தானாக முளைத்த களைக்குக் கிடைக்கும். இரண்டில் நான் ஐநேச்சுரலிஸ்ட் பக்கம்தான். வீட்டிலிருந்து பதிவதென்றால் இடத்தை மறைக்கும் வசதியைத் தேர்ந்தெடுங்கள். வரைபடத்தில் 0.2 பாகைக்கு 0.2 பாகை அளவுள்ள பெரிய கட்டம் ஒன்றுக்குள் எங்கோ ஒரு புள்ளியாக மட்டுமே வெளியே தெரியும்.

நோட்டுப் புத்தகத்தை இவற்றுக்குப் போட்டியாக நான் வைக்கவில்லை. தேதி, இடம், மழை பெய்ததா, எது பூத்தது, போன வாரம் இருந்து இப்போது காணாமல் போனது எது என்று இரண்டு வரி போதும். இல்லாத ஒன்றைப் படம் எடுக்க முடியாதே.

லென்ஸ் வாங்கிவிட்டால் அதைப் போன் கேமராவின்மேல் ஒட்டிப் பிடித்தும் படம் எடுக்கலாம். ஓரங்கள் கருத்துப்போகும், நடுப்பகுதியை மட்டும் வெட்டிக்கொள்ளுங்கள். லென்ஸின் வளையத்தில் சிவப்புக் கயிறு ஒன்றைக் கட்டிவிடுங்கள், புல்லில் விழுந்தால் கண்ணுக்குத் தெரியும்.