குளிர் நாட்டுக் கல்யாணத்துக்குப் பட்டும் பஷ்மினாவும் வாங்கப் போகிறவர்கள் கவனத்துக்கு

இங்கிலாந்திலோ மெல்பர்னிலோ குளிர்காலத்தில் நடக்கும் உறவினர் கல்யாணத்துக்குப் புறப்படுகிறவர்கள், துணிமணிகளை நம் ஊரிலேயே வாங்குவதாக இருந்தால் இதைப் படித்துவிட்டுக் கடைக்குப் போங்கள். மலேசியாவின் சுங்கை சிப்புட் கடைத்தெருவில் எனக்கு விற்கப்பட்ட ‘குளிர்காலத் திருமண செட்’ அத்தனையும் பொய். வழக்கு நிலுவையில் இருப்பதால் கடையின் பெயரை எழுதவில்லை.

ஒன்றுவிட்ட அக்காள் மகளுக்கு இங்கிலாந்தின் லெஸ்டரில் கல்யாணம். மார்கழி கழிந்து தை பிறந்தால்தான் முகூர்த்தம் என்பதால் ஜனவரிக் கடைசியில் நாள் குறித்தார்கள். அந்த மாதத்தில் அங்கே நடுப்பகலில்கூட ஏழு டிகிரி செல்சியஸை ஒட்டித்தான் இருக்கும். தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர்களுக்குத் தெரிந்த குளிர் என்ன? விடியுமுன் பெரட்டுக்கு (வேலைக்கு முன் ஆள்கணக்கு எடுக்கும் இடத்துக்கு)ப் போகும்போது போர்த்திக்கொண்ட கம்பளி, அதைவிட்டால் கேமரன் மலை. இது அந்தக் கடைக்கார அம்மாளுக்கும் நன்றாகத் தெரியும். “அக்கா, நீங்கள் ஒன்றும் யோசிக்க வேண்டாம். போன வருடம் லண்டனுக்குப் போனவர்கள் எல்லாம் இதைத்தான் வாங்கினார்கள்” என்றார். அசல் காஞ்சிபுரம் பட்டுச் சேலை, உள்துணி வைத்துத் தைத்த முழுக்கை ரவிக்கை, நூறு விழுக்காடு பஷ்மினா (மெல்லிய ஆட்டுமுடி) சால்வை, மூன்றும் சேர்த்து 1,380 வெள்ளி (ரிங்கிட்). சால்வையை முறுக்கித் தன் மோதிரத்துக்குள் நுழைத்து இழுத்துக் காட்டினார். பஷ்மினாதான் மோதிரத்துக்குள் புகும் என்றார். “பட்டு, பஷ்மினா என்று ரசீதில் எழுதிக் கொடுங்கள்” என்று கேட்டேன். முகத்தைச் சுளித்துக்கொண்டே எழுதினார்.

இந்த ஏமாற்றின் சூட்சுமம் இங்கேதான் இருக்கிறது. நம் ஊர் வெயிலில் எந்தச் சால்வையைப் போர்த்தினாலும் புழுங்கும். புழுங்கினால் ‘பாருங்கள், எவ்வளவு கதகதப்பு’ என்று சொல்லிவிடலாம். குளிர் தாங்குமா என்று சோதிக்கும் இடம் கடல் கடந்து இருக்கிறது. அங்கே குட்டு வெளிப்படும்போது கடைக்காரர் கைக்கு எட்டாத தூரத்தில் நாம் நிற்போம்.

லெஸ்டரில் வண்டி நிறுத்துமிடத்திலிருந்து மண்டப வாசலுக்குச் சிறிது தூரம்தான். காற்று அடித்த அடியில் சால்வை போர்த்தியதும் போர்த்தாததும் ஒன்றாகவே இருந்தது. மண்டபத்துக்குள் வேறு கதை. சூடேற்றிய அறையின் காற்று வறண்டிருக்கும். அந்தக் காற்றில் சேலை காலோடு காலாக ஒட்டிக்கொண்டது. மடிப்பைப் பிரித்துவிட்டால் சடசடவென்று பொறி தட்டியது. பட்டு காற்றின் ஈரத்தை ஓரளவு தனக்குள் வாங்கி வைத்துக்கொள்ளும். பாலியெஸ்டர் ஏறக்குறைய வாங்குவதே இல்லை. அதனால் உராய்வில் உண்டாகும் மின்னேற்றம் வடிய வழியில்லாமல் துணியிலேயே தங்கிவிடும். தாலி கட்டும் நேரத்தில் அட்சதையைக் கையில் வைத்துக்கொண்டு கொசுவத்தை இழுத்துவிட்டுக்கொண்டிருந்தேன்.

மறுநாள் அக்காள் வீட்டில், துணி தைத்துக் கொடுக்கும் வேலையில் இருக்கும் அண்ணி ஒருவர் முந்தானைக் குஞ்சத்திலிருந்து இரண்டு இழையை உருவி, தண்ணீர்த் தொட்டிக்குமேல் இடுக்கியில் பிடித்துக் கொளுத்தினார். உண்மையான பட்டும் கம்பளியும் முடி கருகும் நாற்றம் அடிக்கும். நெருப்பை எடுத்ததும் அணையும். சாம்பல் விரலில் நசுங்கிப் பொடியாகும். என் சேலை இழை உருகிச் சுருண்டு, கெட்டியான கருமணியாக நின்றது. சால்வையும் அப்படியே. சரிகையை நகத்தால் கீறினால் உள்ளே சிவப்புப் பட்டு நூல் தெரிய வேண்டும். எனக்குத் தெரிந்தது வெறும் பிளாஸ்டிக் மினுக்கு.

மோதிர வித்தையைப் பற்றி ஒரு வார்த்தை. மெல்லியதாக நெய்த விஸ்கோஸ் என்ற செயற்கை இழைத் துணியும் மோதிரத்துக்குள் நுழையும். மெலிவைத்தான் அது காட்டும், முடியைக் காட்டாது. லடாக்கின் சாங்தாங் மேட்டில் மேய்க்கப்படும் ஆடுகளின் அடிமுடிதான் பஷ்மினா. ஓர் இழையின் பருமன் சுமார் 12 முதல் 16 மைக்ரான். அதைக் கையால் நூற்று நெய்த சால்வை, செட்டோடு செட்டாகக் கிடைக்கும் விலைக்கு வராது. பட்டுக்கு, இந்திய மத்திய பட்டு வாரியத்தின் ஆதரவில் 2004 முதல் வழங்கப்படும் ‘சில்க் மார்க்’ முத்திரைச் சீட்டு உண்டு. அது கட்டாயமில்லை என்பதால், சீட்டு இல்லாத சேலையெல்லாம் போலி என்றும் சொல்ல முடியாது. ஆனால் சீட்டைப் பற்றிக் கேட்டதும் பேச்சை மாற்றும் கடையில் எனக்கு இனி வேலையில்லை. குஞ்சத்தில் ஓர் இழையை உருவிக் கொளுத்திப் பார்க்க அனுமதி கேளுங்கள். அசல் சரக்கு வைத்திருப்பவர் மறுக்க மாட்டார்.

உண்மையில், விருந்தாளியாகப் போகிறவருக்குக் கதகதப்பு வெளியில் தெரியும் துணியிலிருந்து வர வேண்டியதே இல்லை. ரவிக்கைக்குள் உடலோடு ஒட்டிய மெல்லிய கம்பளி பனியன், பாவாடைக்குள் கம்பளிக் காலுறை, பருத்திப் பாவாடை. இவை இருந்தால் வீட்டில் இருக்கும் பழைய பட்டே போதும். மணவறைப் பக்கம் போகச் செருப்பைக் கழற்றுவோம், தரை சில்லென்று இருக்கும், அதனால் தடித்த காலுறை அவசியம். கோட்டு அங்கே உறவினரிடம் இரவல் கிடைக்கும். அக்காள் இதையெல்லாம் அங்கே கடைக்கு அழைத்துப் போய் வாங்கிக் கொடுத்தார். வரவேற்பு நாளில் அக்காளின் பட்டைக் கட்டிக்கொண்டு நிம்மதியாகச் சாப்பிட்டேன்.

ஊர் திரும்பிச் சேலையோடு கடைக்குப் போனால், ‘அக்கா’ என்றவர் இப்போது “என்னம்மா, கட்டிய சேலையைத் திருப்பித் தருகிறீர்களே” என்றார். கல்லாவுக்குமேல் ‘விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது’ என்ற பலகையைக் காட்டினார். அந்தப் பலகைக்குப் பயப்பட வேண்டாம். 1999ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டப்படி, விற்ற பொருள் சொன்ன விவரத்துக்குப் பொருந்த வேண்டும். அந்த உரிமையைப் பலகை எழுதி வைத்துப் பறிக்க முடியாது. பயனீட்டாளர் தீர்ப்பாயத்தில் 50,000 வெள்ளி வரை கோரலாம். மனுக் கட்டணம் 5 வெள்ளி. வழக்கறிஞர் வைக்க வேண்டியதில்லை. மூன்று ஆண்டுகளுக்குள் மனுச் செய்ய வேண்டும். பொய்யாக விவரித்து விற்பதைக் குற்றமாக்கும் 2011ஆம் ஆண்டுச் சட்டமும் இருக்கிறது; அதன்படி உள்நாட்டு வாணிப அமைச்சிடம் தனியாகப் புகார் கொடுத்திருக்கிறேன்.

தீர்ப்பாயத்தில் நான் கொடுத்த மனு அவர்கள் கைக்குப் போனதும் கடைக்கார அம்மாளின் கணவர் புலனத்தில் (வாட்ஸ்அப்பில்) செய்தி அனுப்பினார்: தீபாவளிக்கு அதே விலைக்கு வேறு துணி எடுத்துக்கொள்ளலாமாம். பணத்தைத் தவிர வேறெதுவும் வேண்டாம் என்று பதில் போட்டுவிட்டேன். அதே செட்டை வாங்கிய வேறு இருவர் என்னிடம் பேசியிருக்கிறார்கள். ஒருவரிடம் ரசீது இல்லை. உங்களிடம் அந்தச் செட் இருந்தால் ரசீதைப் படம் பிடித்து வையுங்கள், அந்த மை சீக்கிரம் மங்கிவிடுகிறது. சால்வை ஓரத்தில் தைத்திருக்கும் ‘நூறு விழுக்காடு’ சீட்டையும் பிரித்துவிடாதீர்கள்.