பழைய ஆர்கேட் பெட்டி: எதைப் பழுதுபார்ப்பது, எதை மாற்றுவது?

காசு போட்டு ஆடும் வீடியோ விளையாட்டு இயந்திரம்தான் ஆர்கேட் பெட்டி. நாற்பது ஆண்டுகள் கடந்த அப்படியொரு பெட்டி வீட்டுக்கு வந்து சேரும்போது, அதன் அடிப்பலகை ஈரத்தில் ஊறி உப்பியிருக்கும். திரை மங்கியிருக்கும் அல்லது எரியவே எரியாது. பக்கவாட்டு ஓவியத்தின் மேல் யாரோ கறுப்புப் பெயின்ட் அடித்திருப்பார்கள். அதை வைத்துக்கொண்டு மூன்று விதமாக இறங்கலாம். இருப்பதைக் காப்பாற்றி, பழுதுபார்த்து, ஓடவைக்கலாம். தொழிற்சாலையிலிருந்து வந்த நாளில் இருந்ததுபோல எல்லாவற்றையும் புதிதாக்கலாம். உள்ளே இருப்பதை எடுத்துவிட்டு ஒரு சிறு கணினியையும் எல்.சி.டி. திரையையும் பொருத்தி, நூற்றுக்கணக்கான விளையாட்டுகளை ஒரே பெட்டியில் ஆடலாம். பலரும் இந்த மூன்றில் ஒன்றைப் பெட்டி முழுவதற்குமான முடிவாக எடுத்துவிடுகிறார்கள். என் கருத்தில் அது சரியான வழி அல்ல. மரம், திரை, விளையாட்டை ஓட்டும் மின்சுற்றுப் பலகையான போர்டு, ஓவியம், ஜாய்ஸ்டிக் என ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகவே முடிவெடுக்க வேண்டும். செய்ததை நாளை பழையபடி ஆக்க முடியுமா என்பதே அந்த முடிவுக்கு அளவுகோலாக இருக்க வேண்டும்.

மரம்

முதலில் பார்க்க வேண்டியது பலகையின் வகை. பிளைவுட்டாக இருந்தால், அடுக்குகள் பிரிந்த இடத்தில் பசையைச் செலுத்தி, கிளாம்ப் போட்டு இறுக்கினால் பெரும்பாலும் பழைய வலிமை திரும்பிவிடும். பார்ட்டிகிள் போர்டு அப்படியல்ல. ஒருமுறை தண்ணீர் குடித்து உப்பிவிட்டால் துகள்களைப் பிடித்திருந்த பசை விட்டுப்போயிருக்கும், காய்ந்தாலும் அது பழைய தடிமனுக்குத் திரும்பாது.

சேதம் ஒரு மூலையோடு நின்றிருந்தால், உதிரும் பகுதியைச் சுரண்டி எடுத்து, மரத்தை இறுக்கும் திரவத்தைக் குடிக்கவிட்டு, இரண்டு கலவையாக வரும் பாலியெஸ்டர் பட்டியை வைத்து, உப்புத்தாள் போட்டுச் சமன் செய்வது போதும். ஆனால் அடிப்பகுதி முழுவதும் போயிருந்தால் பட்டி தாங்காது. பெட்டியின் எடை முழுவதும் அந்தக் கால்களின் மேல்தான் இறங்குகிறது, பெட்டியைச் சற்றே சாய்த்து நகர்த்தினாலும் பட்டி விரிசல் விட்டுவிடும். அப்போது சேதமான பட்டையை நேர்கோட்டில் அறுத்தெடுத்து, அதே தடிமனுள்ள புதுப் பலகையை மர ஆணிகளும் பசையும் கொண்டு ஒட்டுப்போடுவதே சிறந்தது. பக்கப் பலகை முழுவதையும் புதிதாக வெட்டுவது மூன்றாவது வழி. பழைய பலகையையே அச்சாக வைத்து, மரம் செதுக்கும் ரவுட்டர் கருவியின் உருளை பொருத்திய பிட்டை அதன் விளிம்போடு ஓட்டினால் வளைவுகள் அப்படியே வந்துவிடும். வேலை சுத்தமாக இருக்கும். ஆனால் அந்தப் பக்கத்தின் ஓவியம் அத்தோடு போய்விடும். ஓவியம் ஓரளவு நன்றாக இருக்கும் பெட்டியில் ஒட்டுப்போடுவதையே தேர்ந்தெடுப்பேன். எந்த வழியானாலும், விளிம்பில் பிளாஸ்டிக் ஓரப்பட்டை செருகுவதற்கான மெல்லிய பள்ளத்தைப் பட்டியால் அடைத்துவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

திரை

மிகப் பெரிய முடிவு இதுதான். 1980இல் வந்த பேக்-மேன் என்ற புதிர்வழி விளையாட்டின் படம் 224 புள்ளி அகலமும் 288 புள்ளி உயரமும் கொண்டது. 19 அங்குல பிக்சர் டியூபை நிமிர்த்தி வைத்து அதில் காட்டினார்கள். அந்தக் காலத்தில் ஒவ்வொரு புள்ளியும் டியூபின் மெல்லிய ஒளிக் கசிவோடுதான் தெரிந்தது. எல்.சி.டி.யில் அதே புள்ளிகள் கூர்மையான சதுரங்களாக நிற்கும். படம் தெளிவாக இருக்கும், ஆனால் வேறொரு படமாக இருக்கும்.

பழைய மானிட்டர் கெட்டுப்போனதாகத் தோன்றுவதில் பெரும்பகுதி, எலக்ட்ரோலிட்டிக் கண்டென்சர்கள் உலர்ந்துபோவதால் வருவது. படத்தின் ஓரங்கள் அலைபாய்வது, படம் சுருங்குவது, மேல்பகுதி மடிந்து தெரிவது ஆகியவை அதன் அடையாளங்கள். மானிட்டரின் மாடலைப் பார்த்து அதற்குரிய கண்டென்சர் தொகுப்பை வாங்கி, பிளஸ், மைனஸ் பக்கங்களைக் கவனித்து, ஒவ்வொன்றாகக் கழற்றி உடனே புதியதைச் சால்டர் செய்வது ஒரு மாலை வேலை. டியூபுக்கு உயர் மின்னழுத்தம் தரும் ஃப்ளைபேக் டிரான்ஸ்பார்மர் போயிருந்தாலும் பல மாடல்களுக்கு மாற்று கிடைக்கிறது. கடினமானது, திரையில் படிந்த தழும்பு. ஒரே புதிர்வழி பல ஆண்டுகள் ஓடியதால் திரையின் உட்புறம் ஒளிரும் பாஸ்பர் பூச்சு அந்தக் கோடுகளில் தேய்ந்திருக்கும். அணைத்த திரையிலும் அந்த வழிகள் தெரியும். அதற்கு மருந்து டியூபையே மாற்றுவதுதான். பழைய தொலைக்காட்சி ஒன்றிலிருந்து டியூப் எடுக்கலாம். ஆனால் கழுத்தின் பருமன், பின்களின் அமைப்பு, கழுத்தைச் சுற்றியுள்ள யோக் சுருளின் மதிப்பு ஆகிய மூன்றும் ஒத்துப்போக வேண்டும்.

இதில் உயிர் ஆபத்தும் உண்டு. டியூபின் பக்கத்தில் ரப்பர் மூடிக்குள் இருக்கும் ஆனோடில் 20,000 வோல்ட் அளவுக்கு மின்னழுத்தம் ஏறும். மின்சாரத்தை நிறுத்திய பின்பும் அது தங்கியிருக்கலாம். பிளக்கைப் பிடுங்கிய பிறகு, நல்ல காப்புள்ள ஸ்க்ரூடிரைவரின் உலோகத் தண்டில் ஒரு வயரைக் கவ்வி, அதன் மறுமுனையை டியூபின் உலோகச் சட்டத்தில் உள்ள எர்த் வயரோடு இணைத்து, மற்றொரு கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு, முனையை ரப்பர் மூடிக்கு அடியில் நுழைத்துத் தொட வேண்டும். ‘டக்’ என்று ஒரு சத்தம் வரலாம், வராமலும் போகலாம். சிறிது நேரம் விட்டு மறுபடியும் தொட வேண்டும். இதைச் செய்யத் துணிவில்லாதவர்கள் அனுபவமுள்ள மெக்கானிக்கிடம் கொடுப்பதில் எந்தக் குறைவும் இல்லை. பல மானிட்டர்களுக்கு மின்சாரத்தைத் தனிப்படுத்தும் ஐசொலேஷன் டிரான்ஸ்பார்மர் கட்டாயம். பெட்டிக்குள் ஏற்கெனவே இருக்கும் அதைத் தேவையற்றது என்று எண்ணிக் கழற்றிவிடக் கூடாது.

எல்.சி.டி.யின் பக்கம் சொல்ல வேண்டியவையும் உண்டு. எடை குறைவு, வெப்பம் குறைவு, ஆபத்தும் இல்லை. 1280×1024 அளவுள்ள பழைய 19 அங்குல எல்.சி.டி.யை நிமிர்த்தி வைத்தால், பேக்-மேன் படம் சரியாக நான்கு மடங்காகி 896×1152 என்று பிசிறில்லாமல் பொருந்துகிறது. அகலத்திரையைவிட இது எவ்வளவோ மேல். ஆனால் சில விளையாட்டுகளுக்கு எல்.சி.டி. ஒத்தே வராது. 1979இன் ஆஸ்டிராய்ட்ஸ், 1981இன் டெம்பெஸ்ட் ஆகியவை கோடுகளை நேரடியாக எலக்ட்ரான் கற்றையால் வரைபவை. சுடும் புள்ளி இருட்டில் கண் கூசும் அளவுக்கு மின்னுவது எல்.சி.டி.யில் வராது. 1978இன் ஸ்பேஸ் இன்வேடர்ஸ் நிமிர் பெட்டியில், திரையின் படம் ஒரு கண்ணாடியில் பிரதிபலித்து, பின்னால் வரைந்த நிலவுக் காட்சியின் மேல் மிதப்பதுபோலத் தெரியும். எல்.சி.டி.யின் கறுப்பு முழுக் கறுப்பு அல்ல. அந்தச் சாம்பல் வெளிச்சமும் சேர்ந்து பிரதிபலித்து மாயத்தைக் கெடுத்துவிடும்.

டியூபைத் தேற்ற வழி இருக்கும்வரை டியூப் என்பதே என் முடிவு. தேற்ற முடியாதபோது எல்.சி.டி. வைக்கலாம், அதைப் பழைய மானிட்டரின் போல்ட் துளைகளிலேயே ஒரு சட்டம் செய்து பொருத்த வேண்டும், பெட்டியின் மரத்தை அறுக்கக் கூடாது.

போர்டும் மின்சாரமும்

அசல் போர்டு வேலை செய்யாவிட்டால், ஐசி எனப்படும் சில்லு எரிந்துவிட்டது என்ற முடிவுக்கு உடனே போக வேண்டாம். சாக்கெட்டில் செருகிய ஐசிகளின் கால்கள் கறுத்துப்போவதும், ஓரக் கனெக்டரின் பல்லிடுக்குகள் எரிந்து தளர்வதும்தான் முதல் சந்தேகம். போர்டில் மின்கலம் இருந்தால் அதை முதலில் கவனிக்க வேண்டும். அது கசிந்தால் செம்புத் தடங்களை அரித்துவிடும். 1993இல் தொடங்கிய, காப்காம் நிறுவனத்தின் சி.பி.எஸ்.-2 போர்டுகளில் மின்கலம் தீர்ந்தால், விளையாட்டின் நிரலைத் திறக்கும் குறியீட்டுச் சாவியே அழிந்து, விளையாட்டு ஓடாமல் போய்விடும்.

போட்டிக்கு நிற்பவை, பழைய ஆர்கேட் போர்டுகளைக் கணினியில் போலச் செய்துகாட்டும், 1997 முதல் வளர்ந்துவரும் மேம் மென்பொருளை ஓட்டும் சிறு கணினியும், பழைய சில்லுகளின் சுற்றுகளையே மறுபடி அமைத்துக் காட்டும் எஃப்.பி.ஜி.ஏ. போர்டும் ஆகும். முன்னது மலிவு, விளையாட்டுகள் ஏராளம். ஆனால் பட்டனை அழுத்துவதற்கும் திரையில் நடப்பதற்கும் இடையே சிறு தாமதம் நுழையக்கூடும். பின்னதில் அந்தத் தாமதம் மிகக் குறைவு. அசல் போர்டு உயிரோடு இருந்தால் இரண்டையும் தேட வேண்டியதில்லை. பல விளையாட்டுகள் வேண்டும் என்பவர்கள், போர்டுகளைப் பெட்டியோடு இணைப்பதற்கான பொது முறையாக 1985இல் வந்த ஜாமாவின் 56 முனைக் கனெக்டருக்கு ஏற்ற அடாப்டரை இடையில் செருகினால், வயரிங்கை வெட்டாமலே போர்டை மாற்றி மாற்றிப் போடலாம்.

மின்சாரத்தில் ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும். அமெரிக்கப் பெட்டிகள் 120 வோல்ட்டுக்கும், ஜப்பானியப் பெட்டிகள் 100 வோல்ட்டுக்கும் செய்தவை. 230 வோல்ட் உள்ள வீட்டில் வெறும் பிளக்கை மாற்றிச் செருகினால் எல்லாம் எரிந்துவிடும். மின்னழுத்தத்தைக் குறைக்கும் ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்பார்மர் வேண்டும். 60 ஹெர்ட்ஸுக்குச் செய்த பழைய டிரான்ஸ்பார்மர் 50 ஹெர்ட்ஸில் கூடுதலாகச் சூடேறும் என்பதால், தொடக்கத்தில் அதைக் கையருகே வைத்துக் கண்காணிப்பது நல்லது. பழைய பவர் சப்ளை 5 வோல்ட்டை நிலையாகத் தராவிட்டால், ஸ்விட்ச்சிங் பவர் சப்ளைக்கு மாறுவதில் எனக்குத் தயக்கம் இல்லை. பார்வைக்குப் படாத இடம், போர்டுக்குப் பாதுகாப்பு.

ஓவியம்

புது வினைல் ஸ்டிக்கர் ஒட்டினால் பெட்டி ஒரே நாளில் பளபளக்கும். ஆனால் மிட்வே நிறுவனம் வெளியிட்ட பேக்-மேன் பெட்டியின் பக்கங்களில் இருந்தது ஸ்டிக்கர் அல்ல, ஸ்டென்சில் வைத்து ஒவ்வொரு நிறமாக அடித்த பெயின்ட். அதன் விளிம்புகளில் நிறம் சற்றே தடித்து நிற்பதை விரலால் தடவிப் பார்த்தே அறியலாம். அந்தப் பெட்டிக்கு வினைல் ஒட்டுவது, புதிதாகத் தெரிந்தாலும் தவறான பொருள். ஸ்டென்சில் வாங்கி, நிறம் பொருத்தி, ஒவ்வொரு பூச்சும் காயும்வரை காத்திருந்து அடிப்பது பொறுமையைச் சோதிக்கும் வேலைதான். ஆனாலும் முழுதாக அழிந்துபோன பக்கத்துக்கு அதுதான் முறை. தொடக்கத்திலேயே ஸ்டிக்கரோடு வந்த பெட்டிகளுக்கு, நன்றாக அச்சிட்ட மறுபதிப்பு ஸ்டிக்கர் நியாயமானதே.

கறுப்புப் பெயின்ட் அடித்த பக்கத்தை உப்புத்தாளால் தேய்க்கத் தொடங்கும் முன், மறைவான ஓரத்தில் உள்ளங்கையளவு இடத்தில் மென்மையான பெயின்ட் நீக்கியைத் தடவிப் பார்க்க வேண்டும். மேல்பூச்சு இளகி வர, கீழே அசல் ஓவியம் கீறல்களோடு உயிருடன் இருப்பது அரிதல்ல. ஆனால் மாற்றம் செய்த பெட்டி எல்லாம் கெட்ட பெட்டி என்றும் நினைக்கக் கூடாது. 1981இல் அமெரிக்காவுக்கு வந்த முதல் டாங்கி காங் விளையாட்டுப் பெட்டிகளே, விற்காமல் தேங்கிய ரேடார் ஸ்கோப் என்ற வேறொரு விளையாட்டின் பெட்டிகளில் போர்டையும் படங்களையும் மாற்றி உருவாக்கியவை. அத்தகைய பெட்டியின் மேல்பூச்சை உரித்து ‘அசலுக்கு’ப் போவது, அசலையே அழிப்பதாகும்.

கை படும் இடங்கள்

பேக்-மேனுக்கு நான்கு திசை ஜாய்ஸ்டிக் வேண்டும். எட்டுத் திசை ஜாய்ஸ்டிக்கில் கை சற்றே மூலைவாட்டில் போனாலும் திருப்பம் தவறிவிடும். பல விளையாட்டுகளை ஒரே பெட்டியில் சேர்ப்பவர்கள் முதலில் மோதும் சிக்கல் இது. பழைய பட்டன்களில் இருப்பவை லீஃப் சுவிட்சுகள், அதாவது இரண்டு உலோக இதழ்கள் தொட்டுக்கொள்பவை. இன்றைய மைக்ரோ சுவிட்சில் ஒவ்வொரு அழுத்தத்துக்கும் ‘கிளிக்’ கேட்கும். இதழ் சுவிட்ச் சத்தமின்றி, வேகமாக வேலை செய்யும். அது தொடாவிட்டால் தூக்கி எறிய வேண்டாம்: கெட்டித் தாளின் சிறு கீற்றை ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்து, இரண்டு இதழ்களுக்கு நடுவே வைத்து, லேசாக அழுத்தியபடி இழுத்தால் தாளில் கறுப்புக் கோடு விழும், கோடு விழுவது நிற்கும்வரை இழுத்தால் சுவிட்ச் சரியாகிவிடும்.

உள்ளே ஒன்றுமே இல்லாத வெற்றுப் பெட்டி கிடைத்தவர்களுக்கு மட்டும் என் கணக்கு மாறும். காப்பாற்ற எதுவும் இல்லாதபோது எல்.சி.டி.யும் சிறு கணினியும் வைப்பதில் தவறே இல்லை. அப்போதும், கூடுதல் பட்டன்களுக்காகப் பழைய கட்டுப்பாட்டுப் பலகையில் புதுத் துளை போட வேண்டாம். அதே போல்ட்டுகளில் பொருந்தும் இரண்டாவது பலகை ஒன்றை வெட்டிக்கொண்டு, பழையதை அதன் வயர்களோடு துணியில் சுற்றிப் பெட்டிக்குள்ளேயே வைத்துவிடலாம்.