நான்கரை ஆண்டு குத்துப் பயிற்சி: பிடிபட்டதும் பிடிபடாததும்

நான்கரை ஆண்டுகளாக வாரம் மூன்று நாள் குத்துப் பயிற்சி செய்துவருகிறேன். முதல் இரண்டு ஆண்டுகள் குத்துச்சண்டை மட்டும். அதன்பின், உதையும் முழங்காலடியும் உள்ள தாய்லாந்துச் சண்டைக்கலையான முய் தாயும் சேர்ந்துகொண்டது. மேடையேறிப் போட்டியிட்டதில்லை, கூடத்துக்குள் ஜோடியாக ஆடும் பயிற்சிச் சண்டையான ஸ்பாரிங்கோடு சரி. முன்னேற்றம் படிப்படியாக வரும் என்று நினைத்துத்தான் சேர்ந்தேன். ஆனால் மாதக்கணக்கில் ஒன்றுமே நகராமல் இருந்துவிட்டு, ஏதோ ஒரு மாலையில், பெரும்பாலும் களைத்துப்போய் ஏனோதானோவென்று ஆடிக்கொண்டிருக்கும்போது, ஒன்று சட்டென்று பிடிபடும். பிறகு யோசித்துப் பார்த்தால், அது மாஸ்டர் முதல் வாரத்திலேயே சொல்லி, நானும் தலையாட்டிவைத்த விஷயமாக இருக்கும்.

முதல் திருப்பம் ஒரு காயத்தால் வந்தது. எட்டாம் மாதத்தில், தொங்கும் குத்துமூட்டையில் வலது ஹுக்கை (முழங்கையை மடக்கிப் பக்கவாட்டில் வீசும் குத்து) ஓங்கி அடித்தபோது முஷ்டி கோணலாக விழுந்து, சுண்டுவிரல் பக்கம் மோதிவிட்டது. குத்து விழவேண்டியது ஆள்காட்டி விரல், நடுவிரல் கணுக்களில். சுண்டுவிரல் பக்கம் விழுந்தால் அதற்குக் கீழே உள்ளங்கையில் இருக்கும் எலும்பு எளிதில் முறியும். எனக்கு முறியவில்லை, வீக்கத்தோடு தப்பித்தேன். ஆனாலும் ஆறு வாரம் வலது கையைப் பயன்படுத்த முடியவில்லை. "வீட்டில் உட்காராதே, வந்து இடது கையால் ஜாப் மட்டும் போடு" என்றார் மாஸ்டர்.

ஆறு வாரமும் ஒரே குத்துதான்: முன்னால் இருக்கும் கையை நேராக நீட்டிப் போடும் அந்த ஜாப். மூன்றாவது வாரத்தில், அலுப்பில் தோளைத் தளரவிட்டு, அடிக்க வேண்டும் என்ற எண்ணமே இல்லாமல் கையை நீட்டியபோது மூட்டையின் ஒலி மாறியது. அதுவரை 'தொம்' என்று கேட்டது, அன்று 'பளார்' என்று கேட்டது. அதுவரை என் குத்தில் மூட்டை ஊஞ்சல்போல் ஆடிக்கொண்டிருந்தது. அன்று அது ஆடாமல், நின்ற இடத்திலேயே மடங்கிக் குலுங்கியது. நான் இத்தனை நாள் குத்தவில்லை, தள்ளிக்கொண்டிருந்திருக்கிறேன் என்று அப்போதுதான் உறைத்தது. கையை முறுக்கி வைத்திருந்தால், அதை நீட்டும் தசையை மடக்கும் தசை பிடித்து இழுக்கும்; வண்டியை பிரேக்கோடு ஓட்டுவது போலத்தான். முஷ்டி தொடும் கணத்தில் மட்டும் இறுகினால் போதும், மற்ற நேரமெல்லாம் கை தளர்ந்தே இருக்க வேண்டும். வலது கை குணமாகி வந்தபோது அதற்கும் இதே கணக்கைப் பொருத்திப் பார்த்தேன்: பின்னங்கால் குதிகால் தரையைவிட்டு எழுந்து திரும்ப, இடுப்பு சுழல, தோள் தொடர, கை கடைசியாகத்தான் போகிறது. குத்து பாதத்தில் தொடங்குகிறது என்று மாஸ்டர் நூறு முறை சொல்லியிருப்பார்.

இரண்டாவது, கண். இது எனக்குச் சற்றுத் தாமதமாகவே பிடிபட்டது. அதற்கு நான் முதலில் பயின்ற கூடத்தையும் குறை சொல்வேன். அங்கே சேர்ந்த இரண்டாம் வாரமே, தலைக்கவசத்தை மாட்டிவிட்டு முழு வேகத்தில் ஸ்பாரிங் செய்யவிட்டார்கள். தலைக்கவசம் வெட்டுக்காயத்தைக் குறைக்கும். மண்டைக்குள் மூளை குலுங்குவதை அது தடுத்துவிடாது. அங்கே நான் கற்றுக்கொண்டது ஒன்றுதான்: அடி வரும்போது கண்ணை மூடி முகத்தைத் திருப்பிக்கொள்வது. அந்தப் பழக்கத்தைக் கழற்ற ஓராண்டுக்கு மேல் ஆனது.

கழற்றிய விதம் மிக எளிது. 16 அவுன்ஸ் கையுறையால் ஜோடிக்காரர் என் நெற்றியை மெல்லத் தொட்டுக்கொண்டே இருப்பார். நான் கண் மூடாமல், வாயை இறுக்கி, மூக்கால் மூச்சு விட்டபடி நிற்க வேண்டும். மூன்று நிமிடம், ஒவ்வொரு வகுப்பிலும். பார்வை கையுறையில் அல்ல, எதிராளியின் நெஞ்சுக்கு மேற்புறம் நிலைத்திருக்க வேண்டும். கண்ணால் கண்டதற்கு உடல் அசைய ஏறத்தாழ கால் வினாடி ஆகும். நல்ல ஜாப் அதற்குள் வந்து சேர்ந்துவிடும். கையுறை நகர்ந்த பிறகு விழித்துக்கொள்பவருக்கு நேரம் மிஞ்சாது. தோளும் எடை மாறுவதும் முன்னதாகவே காட்டிக்கொடுத்துவிடும்.

ஒருநாள் ஸ்பாரிங்கில், எதிரே நின்றவரின் இடது தோள் சிறிது எழுவதைப் பார்த்தேன். ஜாப் வந்தது, மிக மெதுவாக வருவதுபோல் இருந்தது. வலது உள்ளங்கையால் ஒரு சாண்கூட நகர்த்தாமல் அதைத் தட்டிவிட்டேன். தட்டிவிட்டதை நானே நம்பமுடியாமல் வியந்து நின்றுகொண்டிருந்தபோது, அடுத்து வந்த கிராஸ், அதாவது பின்னால் இருக்கும் கையின் நேர்க்குத்து, மூக்கில் இறங்கியது. இவ்வளவு மகிழ்ச்சியாக வேறெந்த அடியையும் நான் வாங்கியதில்லை.

மூச்சைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. மூன்று நிமிட ரவுண்டில் இரண்டாவது நிமிடத்திலேயே எனக்கு மூச்சு இரைத்துவிடும். உடல்வலு போதவில்லை என்று மாதக்கணக்கில் ஓடினேன். கோளாறு அதுவல்ல, குத்தும்போது மூச்சை அடக்கிக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு குத்துக்கும் 'ஸ்' என்று வெளியே விட்டபிறகு அந்தச் சிக்கலே இல்லை.

முய் தாய் உதை எதிர்பார்த்ததைவிட விரைவில் வந்தது. நின்ற கால் பாதத்தைத் திருப்பினால் இடுப்பு திறக்கும் என்பதும், பாதத்தால் அல்லாமல் முழங்காலுக்குக் கீழுள்ள முன்னெலும்பால் அடிக்க வேண்டும் என்பதும், குத்தில் கற்ற அதே சங்கிலியின் தொடர்ச்சிதான். தொல்லை தந்தவை நான் பெருமையாக வைத்திருந்த குத்துச்சண்டைப் பழக்கங்கள். எடையை முன்காலில் போட்டு நின்றதால் அந்தத் தொடை ஒரு மாதம் கறுத்துக் கன்றிப்போனது. ஹுக்குக்குக் குனிந்து தப்பியபோது ஜோடிக்காரரின் முழங்கால் என் முகத்துக்கு நாலு விரல் முன்னால் வந்து நின்றது; அவர் நிறுத்தியதால் பல் தப்பியது.

இன்றுவரை பிடிபடாதது, வலது காலை முன்வைத்து நிற்கும் இடது கைக்காரர்களோடு ஆடுவது. என் முன்னங்கால் அவர்கள் முன்னங்காலுக்கு வெளிப்புறம் இருக்க வேண்டும் என்பதைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். கடந்த வாரமும் உட்புறமாகவே வைத்து, அவருடைய இடது கிராஸை மூன்று முறை வாங்கினேன். மாஸ்டர் கயிற்றில் சாய்ந்தபடி, "கால், கால்" என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தார், நானும் தலையாட்டினேன்.